தேயிலை மலையின் கடைசல் பட்டறைகள்

இலங்கைத் தேயிலையின் சரித்திரத்தை எழுதியவர்கள் முதலில் செடியைப் பற்றி எழுதினார்கள். பிறகு செடியை நட்ட துரைமாரைப் பற்றி எழுதினார்கள். பிற்காலத்தில், நியாயமாகவே, கொழுந்து பறித்த கைகளைப் பற்றியும் லயத்துக் காம்பராக்களில் கழிந்த வாழ்வைப் பற்றியும் எழுதினார்கள். ஆனால், பறித்த கொழுந்தை வாட்டி, அரைத்து, காயவைத்துத் தேயிலையாக்கிய யந்திரங்கள் தலைமுறை தலைமுறையாக ஓயாமல் சுழன்றது எவ்வாறு, தேய்ந்த அச்சுக்கும் முறிந்த பற்சக்கரத்துக்கும் மாற்று வேண்டுமாயின் கப்பல் வரும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்த அந்நாளில் வலப்பனை போன்ற மலைமடிப்புகளில் அவை நின்றுவிடாமல் காத்தவர் யார் என்ற கேள்வி அநேகமாகக் கேட்கப்படவே இல்லை. தொழிற்சாலையின் ஒரு மூலையில், எண்ணெய்ப் பிசுக்கேறிய பட்டறையில் நின்ற கடைசல் யந்திரமும், அதை இயக்கக் கற்றுக்கொண்ட தமிழ்த் தொழிலாளியுமே அதற்கு விடை என்பது என் துணிபு.

கடைசல் என்னும் தொழில் வெள்ளையரோடு இம்மலைக்கு வந்ததன்று. கண்டிச் சீமையில், மாத்தளைக்கு அருகிலுள்ள ஹபுவித போன்ற கிராமங்களில், மரத்தைக் கடைந்து அரக்குப் பூசும் கைவினைஞர் பரம்பரைகள் நெடுங்காலமாக வாழ்ந்து வந்தன. ஆனந்த குமாரசுவாமி 1908-இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல் இத்தகைய தொழில்களை அக்கறையோடு பதிவு செய்திருக்கிறது. கயிற்றை முன்னும் பின்னுமாக இழுத்துச் சுழற்றிய அந்தப் பழைய பொறியில் உளியைப் பிடித்தது மனிதனின் கையே. மரம் அதற்கு இணங்கியது, இரும்பு இணங்கவில்லை. உளியைக் கையிலிருந்து விடுவித்து, இரும்புத் தளத்தின்மேல் வழுவாமல் நகரும் தாங்கியில் பூட்டி, அந்த நகர்வைத் திருகுத்தண்டு ஒன்றினால் வேலையின் சுழற்சியோடு இணைத்த கடைசல் யந்திரத்தை இலண்டனில் ஹென்றி மோட்ஸ்லி 1797-ஆம் ஆண்டளவில் அமைத்தார்; அவரிடம் வேலை பார்த்த ஜோசப் விட்வர்த் 1841-இல் திருகாணிப் புரிகளுக்கு ஐம்பத்தைந்து பாகைக் கோணத்தையும் அங்குலத்துக்கு இத்தனை புரி என்ற ஒழுங்கையும் வகுத்தார். இங்கிலாந்தின் கெய்ன்ஸ்பரோவிலிருந்து வந்த உருளை யந்திரத்தின் ஆணிக்கு இராகலையில் கடைந்த நட்டு பொருந்தியதென்றால், அதற்கு மூலகாரணம் அந்த ஒழுங்குதான்.

இந்த ஞானம் மலையேறியது தேயிலைக்காக அன்று, கோப்பிக்காக. ஸ்கொத்லாந்துக்காரரான ஜோன் வோக்கர் 1854-இல் கண்டியில் தொடங்கிய பொறியியல் ஸ்தாபனம் கோப்பித் தோட்டங்களின் யந்திரத் தேவைகளை நிறைவேற்றி வளர்ந்தது. 1869-இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தபோது துரைமார் பலர் குடியொடிந்து போனார்களாயினும், பட்டறைகள் அழியவில்லை. லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் பத்தொன்பது ஏக்கரில் நட்ட தேயிலை அவற்றுக்குப் புதிய வேலையைக் கொடுத்தது. கொழுந்தைச் சுருட்ட மார்ஷல் கம்பெனியார் செய்த ஜாக்சன் உருளைகளும், காயவைக்க பெல்பாஸ்டிலிருந்து டேவிட்சனின் சிரோக்கோ உலைகளும் வந்தன. கண்டிக்கு 1867-இலும் நானுஓயாவுக்கு 1885-இலும் ரயில் வந்தது. அங்கிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை, இரண்டரை அடி அகலமுள்ள சிறு தண்டவாளம் 1904-இல் நீண்டது. 1940களில் மூடப்பட்டு, இன்று முதியோர் நினைவிலும் சில மண்மேடுகளிலும் மட்டும் எஞ்சியிருக்கும் அந்தச் சிறு பாதை இருந்தவரை, வலப்பனைப் பக்கத்துத் தோட்டங்களுக்குக் கனத்த சாமான்களைக் கொண்டு சேர்ப்பது மாட்டு வண்டியை மட்டும் நம்பிய காரியமாக இருக்கவில்லை.

ஸ்டோர் எனப்பட்ட தோட்டத்துத் தொழிற்சாலைக்குள் அக்காலத்தில் நுழைந்தவர் கண்ட காட்சி இன்றைய மின்மோட்டார்க் காலத்தவருக்கு எளிதில் விளங்காது. ஓடை நீரால் சுழலும் சக்கரமோ, நீராவி யந்திரமோ, பின்னாளில் எண்ணெய் எஞ்சினோ ஏதேனும் ஒன்று, கூரைக்குக் கீழே கட்டடத்தின் நீளத்துக்கும் ஓடிய ஒரே இரும்புத் தண்டைச் சுழற்றும். அந்தத் தண்டிலிருந்து தோல் வார்ப்பட்டைகள் இறங்கி உருளைகளையும் சல்லடைகளையும் காற்றாடிகளையும் இயக்கும். அவற்றுள் ஒன்று பட்டறை மூலைக்கு இறங்கிக் கடைசல் யந்திரத்தின் படிக் கப்பியில் ஏறும். வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் பட்டையை ஒரு படியிலிருந்து மறு படிக்கு மாற்றினால் போதும். பெரிய விட்டமுள்ள வார்ப்பிரும்பைக் கடைய வேண்டுமானால் பின்புறப் பற்சக்கரங்களைக் கொளுவிக்கொள்வார்கள். எஞ்சினும் உருளையும் கடைசலும் ஒரே ஓட்டத்தில் பிணைந்திருந்த அந்த உலகத்தில் மனிதர்கள் யந்திரத்தைத் தெய்வத்தோடும் பிணைத்தார்கள். சக்கரத்தை ரோதை என்றே வழங்கிய மலையகத் தமிழர், ஸ்டோருக்குக் காவலாக ரோதைமுனியை நிறுத்திப் பூசை செய்தார்கள். கைவிரலையும் தலைமயிரையும் வேட்டி நுனியையும் பறித்துக்கொள்ளும் பட்டைகளுக்கிடையே இரவு முழுவதும் நின்று வேலை செய்தவர்களின் பக்தி அது. அதை மூடத்தனமென்று ஒதுக்குபவர்களுக்கு அந்த வேலையின் பயங்கரம் தெரியாது.

கடைசலை இவர்கள் கற்றது எந்தக் கலாசாலையிலும் அன்று. கொழும்பு மருதானையில் தொழில்நுட்பக் கல்லூரி 1893-இலேயே ஏற்பட்டுவிட்டது. ஆனால் லயத்தில் பிறந்த பிள்ளைக்குத் தோட்டப் பள்ளிக்கூடத்தின் சில வகுப்புகளுக்கு அப்பால் வழி இருந்ததில்லை. 1948-ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கிய பின்னர், அரசாங்கப் பட்டறைகளின் கதவும் அடைபட்டது. ஆகவே, பாஸ் என்று எல்லாரும் மரியாதையாக அழைத்த மூத்த மெக்கானிக்கின் அருகில் விளக்குப் பிடிக்கவும் இரும்புச் சுருள்களைக் கூட்டி அள்ளவும் வந்த சிறுவன், உளியைக் கல்லில் தீட்டும் கோணத்தைக் கண்ணாலும், வெட்டு ஆழமாகிவிட்டதைக் காதாலும், அச்சு சூடேறியதைப் புறங்கையாலும் கற்றான். நான்கு மாற்றுச் சக்கரங்களைக் கொண்டு வேண்டிய புரியை வெட்டும் கணக்கைப் பின்னமாகச் சுவரில் கரியால் எழுதிப் பழகிய அவனுக்கு எந்தச் சான்றிதழும் கிடைக்கவில்லை. பதிவேட்டில் அவன் கடைசிவரை தொழிலாளியாகவே இருந்தான்.

உலக யுத்தகாலத்தில் கப்பல் வராமற் போனபோதும், 1970 முதல் 1977 வரை இறக்குமதிகள் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டபோதும், தேயிலை யந்திரங்களின் உயிர் இவர்கள் கையில் இருந்தது. தேய்ந்த தண்டைக் கடைந்து மெலிதாக்கி அதன்மேல் உறை ஏற்றினார்கள். உருளையின் வளைதண்டுத் தாங்கிகளில் வெள்ளீயக் கலவையை உருக்கி ஊற்றி மீண்டும் துளை கடைந்தார்கள். உடைந்த வெண்கலப் புஷ்களை உருக்கிப் புதிய புஷ் வார்த்தார்கள். தன் உதிரிப் பாகங்களில் பலவற்றைத் தானே செய்துகொள்ளும் சக்தி பட்டறை யந்திரங்களுள் கடைசலுக்கே சிறப்பாக வாய்த்தது. தூர தேசத்து மலையில் அது ஒன்று இருந்தால் மற்றவை யாவும் பிழைத்துக்கொள்ளும் என்பதை அனுபவம் இவர்களுக்குக் கற்பித்திருந்தது. அத்தகைய கைகளில் எத்தனையோ, 1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தினால் தலைமன்னாரில் கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டன. மனிதர்களை எண்ணிப் பிரித்துக்கொண்ட இரு அரசாங்கங்களும் அவர்களோடு போன வித்தையை எண்ணவில்லை என்பது என் மனத்தை இன்றும் வருத்துகிறது.

லக்ஸபான மின்சாரம் 1950-இல் உற்பத்தியாகத் தொடங்கியபின் ஒவ்வொரு யந்திரத்துக்கும் தனி மோட்டார் வருவது காலப்போக்கில் சாத்தியமாயிற்று; கூரைத் தண்டுகள் நின்றன. 1972-இலும் 1975-இலும் வந்த காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992-இல் நிர்வாகம் மீண்டும் கம்பெனிகளிடம் சென்றது. கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்துப் பழைய தொழிற்சாலை உல்லாச விடுதியாக மாறி, தன் எஞ்சினையும் சக்கரங்களையும் விருந்தினர் பார்வைக்கு வைத்திருக்கிறது. ஹந்தானையில் 1925-ஆம் ஆண்டின் கட்டடமொன்று தேயிலை நூதனசாலையாயிற்று. இந்த அதிர்ஷ்டம் எல்லா யந்திரங்களுக்கும் கிட்டுவதில்லை; நிறைபோட்டு இரும்புக் கடைக்கு விற்கப்படுவதே பழைய யந்திரங்களின் வழக்கமான முடிவு.

அந்த முடிவுக்குத் தப்பிய கடைசல் ஒன்றை, இராகலைப் பாதையோரத்தில் வீட்டை ஒட்டித் தகரத்தால் சாய்ப்பிறக்கிய பட்டறையில், ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர் புதுப்பித்துக்கொண்டிருப்பதை நின்று பார்த்திருக்கிறேன். இங்கிலாந்தில் வீட்டுப் பட்டறைக் கடைசல் ஒரு பொழுதுபோக்காக வளர்ந்தது. 1898 முதல் அதற்கெனவே பத்திரிகையும் உண்டு, மைபோர்டு போன்ற கம்பெனிகள் அதற்கெனவே சிறு யந்திரங்களைச் செய்தன. இங்கே அது பிழைப்பு. ஆயினும் சிரத்தையில் எவ்விதக் குறைவும் இல்லை. பல நாள் மண்ணெண்ணெயில் ஊறித் துருக் கழன்ற படுகையின் மீது, மெல்லிய நீல மை பூசிய நேர்ச்சட்டத்தை வைத்து இழுத்தார். மேடான இடங்களில் மட்டும் மை ஒட்டியது. அந்தப் புள்ளிகளைத் தீட்டிய அரத்தின் நுனியால் சுரண்டினார். மீண்டும் மை, மீண்டும் சுரண்டல். எந்தக் கடைசலிலும் தலைப்பக்கத்தை ஒட்டிய பகுதிதான் அதிகம் தேய்ந்திருக்கும், ஏனெனில் வேலையில் பெரும்பகுதி அங்கேயே நடக்கிறது. வால்பக்கம் அநேகமாகப் புதிதாகவே இருக்கும். அவ்விரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவது அவசரக்காரருக்கு ஆகிற காரியமன்று. முடிவில் ஒரு தண்டின் இரு முனைகளிலும் இரண்டு வளையங்களை விட்டு, உளியின் ஆழத்தை மாற்றாமல் இரண்டையும் ஒரே ஓட்டத்தில் கடைந்து, மைக்ரோமீட்டரால் அளந்தார். விட்டங்கள் வேறுபட்டன, யந்திரத்தின் காலடியில் தகட்டைச் செருகிப் படுகையின் முறுக்கை எடுத்து, மறுபடியும் கடைந்தார்.

வலப்பனையின் மரக்கறித் தோட்டங்களுக்கு நீர் இறைக்கும் பம்புகளும் முச்சக்கர வண்டிகளும்தான் இன்று அந்தப் பட்டறைக்கு வேலை தருகின்றன. அவற்றின் புரிகளோ மில்லிமீட்டரில் அமைந்தவை. யந்திரத்தின் திருகுத்தண்டு அங்குலத்தில் அமைந்தது. ஓர் அங்குலம் சரியாக 25.4 மில்லிமீட்டர் ஆகையால், ஐந்து அங்குலத்தில் 127 மில்லிமீட்டர் அடங்கும். 127 பற்கள் கொண்ட ஒரு மாற்றுச் சக்கரம் இருந்தால் பழைய ஆங்கிலக் கடைசல் மில்லிமீட்டர்ப் புரியைப் பிழையின்றி வெட்டும். தோட்டத்து யந்திரத்தோடு அந்தச் சக்கரம் வரவில்லை. எனவே, உருளையொன்றின் உடைந்த பற்சக்கரத்திலிருந்து வட்டத்தை வெட்டியெடுத்து, அதே கடைசலில் அளவுக்குக் கடைந்து, அதன் விளிம்பை நூற்றிருபத்தேழாகப் பிரிக்கும் கணக்கைப் பள்ளிக்கூடம் போகும் தம் பேத்தியின் கொப்பியில் போட்டு வைத்திருந்தார்.