'பொது' என்றால் யார்?

2022 மார்ச் 4ஆம் தேதி சென்னை, தாம்பரம், ஆவடி மூன்றிலும் மேயர்கள் பொறுப்பேற்றார்கள். மூன்று நாற்காலிகளும் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டவை. சென்னையும் தாம்பரமும் பட்டியல் சாதிப் பெண்களுக்கு. ஆவடி மட்டும் 'பொது'. சென்னைக்கு ஆர். பிரியா வந்தார், தாம்பரத்துக்கு வசந்தகுமாரி. ஆவடிக்கு வந்தவர் உதயகுமார். 'பொது' என்ற சொல்லில் பெண்ணும் அடக்கம் என்று சட்டம் சொல்கிறது. கட்சிகள் அதை அப்படிப் படிப்பதில்லை.

இந்தப் பழக்கம் பழையது. 1937இலேயே ஜெ. சிவசண்முகம் பிள்ளை சென்னை மேயரானார்; தலித் சமூகத்திலிருந்து வந்த முதல் மேயர். 1956இல் முதல் பெண்ணாகத் தாரா செரியன். அம்பத்தூர் அப்போது செங்கல்பட்டு மாவட்டத்து ஊர். மேயரை மாமன்ற உறுப்பினர்களே தேர்ந்தெடுத்தார்கள், அதுவும் ஓராண்டுக்கு. அங்கியும் சங்கிலியும் மேயருக்கு. நிர்வாக அதிகாரம் ஆணையருக்கு. தாராவின் கணவர் டாக்டர் பி.வி. செரியனும் முன்பு அதே நாற்காலியில் இருந்தவர்தான். இதைச் சொல்வது தாராவைக் குறைப்பதற்காக அல்ல. எந்த வீட்டுப் பெண்ணுக்கு அந்தக் கதவு திறந்தது என்பதும் வரலாறுதானே?

1971இல் காமாட்சி ஜெயராமன். 1973இல் மாமன்றமே கலைக்கப்பட்டது. 1996 வரை தேர்தல் இல்லை. அதன்பின் மு.க. ஸ்டாலின், மா. சுப்பிரமணியன், சைதை துரைசாமி என்று ஆண்களே வந்தார்கள். அம்பத்தூர் சென்னையோடு இணைந்து ஏழாவது மண்டலமானது 2011இல்தான்.

அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்து ஆர்கோனியா என்ற சிற்றூரில் 1887இல் ஆண்கள் சிலர் கேலிக்காக சூசன்னா சால்டரின் பெயரை மேயர் வாக்குச்சீட்டில் போட்டார்கள். அவ்வாண்டுதான் அங்கே பெண்களுக்கு நகராட்சி வாக்குரிமை கிடைத்திருந்தது. 27 வயதுப் பெண், மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வாங்கி வென்றுவிட்டார்! ஓராண்டு பதவி வகித்தார், மறுபடி நிற்கவில்லை. கேலியாவது அவரை வாக்குச்சீட்டில் ஏற்றியது. நம் கட்சிகளுக்கு அதற்கும் ஓர் அரசாணை வேண்டியிருந்தது.

பிரியாவுக்கு அப்போது வயது 28. முதல் தலித் மேயருக்குப் பின் 85 ஆண்டுகள், முதல் பெண் மேயருக்குப் பின் 66 ஆண்டுகள். தலித்துக்கான இடம் ஆணுக்கும், பெண்ணுக்கான இடம் வசதியான வீட்டுக்கும் போய்க்கொண்டிருந்ததால் இரண்டுக்கும் நடுவே நின்றவளை யாரும் பார்க்கவில்லை. 2022இல் தமிழ்நாட்டின் 21 மாநகராட்சிகளில் 11இல் பெண் மேயர்கள் வந்ததற்கும் ஒதுக்கீடுதான் காரணம். ஒதுக்கீடு சுழற்சியில் வருவது. சென்னை நாற்காலியும் ஒருநாள் 'பொது' ஆகும். அன்று வேட்பாளர் பட்டியலில் எத்தனை பெண்கள் இருப்பார்கள் என்று ஆவடியைக் கேட்டால் தெரியும்.