கிராபிக்ஸ் டிரைவர் புதுப்பித்தல்

இயங்குதளம் திரையில் காட்டச் சொல்வதை, படம் வரையும் சில்லுக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தரும் மென்பொருள் கிராபிக்ஸ் டிரைவர். வரைகலை இயக்கி என்றும் எழுதுவர். சில்லைச் செய்த நிறுவனம் அதை விற்றதோடு வேலை முடிவதில்லை. பிழைகளும் பாதுகாப்பு ஓட்டைகளும் பின்னர் தெரியவரும். புதிய இயங்குதளம் வரும். புதிய விளையாட்டும் வடிவமைப்பு மென்பொருளும் வரும். ஒவ்வொன்றுக்கும் டிரைவரைத் திருத்தி வெளியிட வேண்டியிருக்கிறது. திருத்துவோர் கைவிட்டுவிட்டால், நல்ல நிலையில் உள்ள சில்லும் பழையதாகிவிடும். இக்கட்டுரை அந்தப் பராமரிப்பின் வரலாற்றைச் சுருக்கமாகவும், தமிழ்நாட்டில் அது நடந்த விதத்தைச் சற்று விரிவாகவும் கூறுகிறது.

தொடக்கம்

1981இல் ஐபிஎம் பிசி வந்தபோது திரைக்கென ‘எம்டிஏ’, ‘சிஜிஏ’ என்ற இரு அட்டைகள் இருந்தன. 1984இல் ‘இஜிஏ’வும் 1987இல் ‘விஜிஏ’வும் வந்தன. டாஸ் இயங்குதளக் காலத்தில் அட்டையோடு பேசுவது அந்தந்த மென்பொருளின் பொறுப்பு. லோட்டஸ் 1-2-3ஐ நிறுவும்போது எந்தத் திரை டிரைவர் வேண்டும் என்று அதுவே கேட்கும். புதிய அட்டை வாங்கியவர் தம்மிடம் உள்ள ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனித்தனி டிரைவர் தேட வேண்டியிருந்தது. 1990இல் வந்த விண்டோஸ் 3.0 பரவியதும் இயங்குதளத்துக்கு ஒரு டிரைவர் என்ற ஏற்பாடு நிலைத்தது. புதிய டிரைவர் பிளாப்பியில் வரும், வராமலும் போகும்.

பிளாப்பியிலிருந்து சிடிக்கு

இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியது. ஒன்பது நாள் கழித்து, ஆகஸ்ட் 24 அன்று, விண்டோஸ் 95 வெளியானது. செருகிய அட்டையைத் தானே கண்டறிந்து டிரைவர் கேட்கும் வசதி அதில் இருந்தது. கேட்டது கையில் இல்லாதபோதுதான் தொல்லை. 33.6 கேபிபிஎஸ் மோடத்தில் 10 எம்பி கோப்பு ஒன்று தடையே இல்லாமல் இறங்கினாலும் ஏறக்குறைய முக்கால் மணி நேரமாகும். தொலைபேசி இணைப்பு நடுவில் அறுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆகவே தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் டிரைவர் என்பது சிடியில் வரும் பொருளாகவே பல ஆண்டுகள் இருந்தது. மதர்போர்டு பெட்டியில் வரும் சிடியைத் தொலைத்தவர் கடைக்காரரிடம்தான் போக வேண்டும். சென்னை ரிச்சி தெருவிலிருந்து மாவட்டத் தலைநகரக் கடைகள் வரை, சிடிகளைச் சில்லின் பெயரெழுதி அடுக்கிவைத்திருந்த சர்வீஸ் ஆட்கள் இத்துறையின் எழுதப்படாத நூலகர்கள். ‘டிஜிட்’ போன்ற ஆங்கில இதழ்கள் தங்கள் இணைப்புக் குறுந்தட்டுகளில் மாதந்தோறும் புதிய டிரைவர்களையும் சேர்த்துத் தந்தன. இணையம் இல்லாத வீட்டுக்குப் புதுப்பித்தல் இவ்வாறு தபாலில் வந்து சேர்ந்தது. தமிழ் இதழ்களின் கணினிக் கேள்வி-பதில் பகுதிகளிலும் ‘திரை பெரிதாகத் தெரிகிறது, நிறங்கள் குறைந்துவிட்டன’ என்ற வகைக் கேள்விகள் வழக்கமானவை. பெரும்பாலும் விடை ஒன்றே: டிரைவரை மறுபடி ஏற்றுங்கள்.

இக்காலத்தின் பெரிய பாடம் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் முடிவு. 1996இல் வூடூ அட்டையால் புகழ்பெற்ற அந்நிறுவனத்தின் சொத்துகளை 2000 இறுதியில் என்விடியா வாங்க முன்வந்தது. அட்டைகள் உலகெங்கும் ஓடிக்கொண்டிருக்க, டிரைவர் எழுத ஆளில்லாமல் போயிற்று. அதன்பின் பல ஆண்டுகள் ஆர்வலர்களே திருத்திய டிரைவர்களை வெளியிட்டு அவற்றை உயிரோடு வைத்திருந்தனர். 2002இல் ஏடிஐ நிறுவனம் ‘கேட்டலிஸ்ட்’ என்ற பெயரில் டிரைவர்களை ஒழுங்கான கால இடைவெளியில் வெளியிடத் தொடங்கியது; விரைவில் அது மாதந்தோறும் என்றாயிற்று. நாள்காட்டி பார்த்து டிரைவர் புதுப்பிக்கும் பழக்கம் இதிலிருந்து வந்தது என்பர். என்விடியாவின் ‘டெட்டனேட்டர்’ டிரைவர்களே முன்னோடி என்போரும் உளர்.

விஸ்டா

2007 ஜனவரியில் பொதுவிற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா, கிராபிக்ஸ் டிரைவரின் கட்டமைப்பையே மாற்றியது. டிரைவர் செயலற்று நின்றால் கணினி முழுதும் உறையாமல் டிரைவரை மட்டும் மறுபடி தொடங்கும் ஏற்பாடு இதில்தான் வந்தது. திரை ஒரு நொடி கறுத்து மீளும் அந்தக் காட்சி இன்றும் தொடர்கிறது. 64 பிட் பதிப்பில் கையொப்பமிடாத டிரைவர்களுக்கு இடமில்லை என்ற விதியும் வந்தது. பழைய டிரைவர்கள் பொருந்தவில்லை, புதியவை முதிரவில்லை. இன்டெலின் 915 சில்லுத்தொகுதிக்குப் புதிய வகை டிரைவரே கிடைக்கவில்லை. ஆனால் அது பொருத்திய கணினிகள் ‘விஸ்டாவுக்கு ஏற்றது’ என்ற ஒட்டுவில்லையோடு விற்கப்பட்டு, அமெரிக்காவில் வழக்கானது. 2008இல் வெளியான அவ்வழக்கு ஆவணங்களின்படி, பதிவான விஸ்டா செயலிழப்புகளில் 28.8 விழுக்காடு என்விடியா டிரைவர்களால் நேர்ந்தவை, 17.9 விழுக்காடு மைக்ரோசாப்ட்டைச் சேர்ந்தவை. சந்தையில் எந்தச் சில்லு எவ்வளவு இருந்தது என்பதை இக்கணக்கு காட்டாததால், குற்றம் யாருடையது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

லினக்ஸ் வழி

லினக்ஸில் டிரைவரின் வரலாறு வேறு. 1992 முதல் எக்ஸ்ஃப்ரீ86 திட்டம் திரைப்பணியைப் பார்த்துக்கொண்டது. அக்காலத்தில் பயனரே ஓர் உரைக்கோப்பைத் திறந்து, தம் மானிட்டரின் கிடைமட்ட, செங்குத்து அதிர்வெண்களை எண்ணிட்டு எழுத வேண்டும். தவறான எண் பழைய குழாய்த் திரையைக் கெடுத்துவிடக்கூடும் என்ற எச்சரிக்கை ஆவணங்களில் இருந்தது. ஆனாலும், மானிட்டரின் பின்புறத் தகட்டைப் படித்து, கணக்குப் போட்டு, முதன்முறை வரைகலைத் திரை எழுந்த நொடியை அத்தலைமுறையினர் மறப்பதில்லை. சென்னையில் 1990களின் இறுதியில் உருவான லினக்ஸ் பயனர் குழு ஐஐடி வளாகத்தில் மாதக் கூட்டங்கள் நடத்தியது. ஒருவர் கணினியை மற்றவர் சரிசெய்து தரும் பழக்கம் இத்தகைய குழுக்களின் உயிர்நாடி.

2004இல் எக்ஸ்ஃப்ரீ86இலிருந்து எக்ஸ்.ஆர்க் பிரிந்து வளர்ந்தது. 2007 செப்டம்பரில் ஏஎம்டி தன் சில்லுகளின் விவர ஆவணங்களை வெளியிடுவதாக அறிவித்தது. என்விடியா தராததை ‘நூவோ’ திட்டத்தினர் தாமே கண்டறிந்தனர். உலகெங்கும் உள்ள பயனர்கள் ஒரு சிறு கருவியைத் தம் கணினியில் ஓட்டி, சில்லுக்குப் போகும் கட்டளைகளைப் பதிந்து அனுப்பினார்கள். அப்பதிவுகளை ஒப்பிட்டு டிரைவர் எழுதப்பட்டது. கூட்டுழைப்பின் வரலாற்றில் இது தனி இடம் பெறத் தக்கது. 2010இல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 2.6.33 பதிப்பில் நூவோ சேர்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டு 2.6.29 கெர்னலில், இன்டெல் சில்லுகளுக்குத் திரை அமைப்பை கெர்னலே நேரடியாகச் செய்யும் முறை வந்துவிட்டது. அதிர்வெண் எழுதும் வேலை அத்தோடு பெரும்பாலோர்க்கு முடிந்தது. மேலும், டிரைவர் கெர்னலோடு வருவதால் இயங்குதளத்தைப் புதுப்பித்தால் டிரைவரும் புதிதாகிவிடும். சில்லின் பெயரைத் தேடி அலைய வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் இவ்வேறுபாடு லட்சக்கணக்கான கணினிகளில் சோதிக்கப்பட்டது.

தமிழ்நாட்டில்: எல்காட், பாஸ், விலையில்லா மடிக்கணினி

1977இல் தொடங்கிய தமிழ்நாடு மின்னணு நிறுவனமான எல்காட், சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்த 2006–2008 காலத்தில் தன் அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. பள்ளிக் கணினிகளுக்கும் அதையே கொண்டுசென்றது. ஏறத்தாழ 30,000 பள்ளிக் கணினிகள் என்று அன்றைய செய்திகள் கூறின. இதே காலத்தில் சென்னை சி-டாக் மையம், டெபியனை அடிப்படையாகக் கொண்டு ‘பாஸ்’ என்ற இந்திய லினக்ஸை உருவாக்கியது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் திரை முழுவதும் தெரியும்படி அமைத்தது அதன் சிறப்பு.

2011 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்தநாளில், விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். முதலாண்டு இலக்கு 9 லட்சத்துக்கு மேல். ஏசர், எச்சிஎல், லெனோவோ முதலிய நிறுவனங்கள் வழங்கின. விவரக்குறிப்பு: இரட்டைக் கருச் செயலி, 2 ஜிபி நினைவகம், 320 ஜிபி வன்தட்டு, 14 அங்குலத் திரை. தனி கிராபிக்ஸ் அட்டை கிடையாது. நினைவகத்தைச் செயலியோடு பங்கிட்டுக்கொள்ளும் உள்ளமைந்த சில்லுதான். இயங்குதளம் பற்றி அப்போதே வாதம் எழுந்தது. விண்டோஸ் மட்டும் என்ற திசையில் ஒப்பந்தப்புள்ளி நகர்ந்ததைக் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தினர் எதிர்த்தனர். கடைசியில் விண்டோஸ், பாஸ் இரண்டும் ஒரே வன்தட்டில் வந்தன. 2013இல் விண்டோஸ் கைவிடப்பட்டு பாஸ் மட்டும் என்றானது.

ஒரே இயந்திரம், ஒரே சில்லு, இரு டிரைவர்கள். இந்த ஒப்பீடு மிகப் பெரிய அளவில் நடந்தது. பாஸ் பக்கத்தில் டிரைவர் கெர்னலோடு இருந்தது. விண்டோஸ் பக்கத்தில் நிறுவனத்தார் முன்பே ஏற்றித் தந்திருந்தனர். யாரும் தொடாதவரை இரண்டும் ஓடின. ஆனால் பாஸ் மட்டும் வந்த மடிக்கணினிகளைப் பல மாணவர்கள் கடைக்குக் கொண்டுபோய், ‘ஃபார்மட் போட்டு’ உரிமம் இல்லாத விண்டோஸ் ஏற்றிக்கொண்டனர். புதிதாக ஏற்றிய விண்டோஸ் சில்லை அறியாமல் பொதுவான விஜிஏ டிரைவரோடு எழும். எழுத்துகள் அகன்று தெரியும், படம் விட்டு விட்டு ஓடும், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் விசைகள் வேலை செய்யா. 32 பிட்டா 64 பிட்டா என்ற குழப்பம் வேறு. சரியான டிரைவர் போடாமல் திருப்பித் தரப்பட்ட மடிக்கணினியை ‘அரசாங்கத்து மிஷின், இப்படித்தான் இருக்கும்’ என்று எண்ணியவர்கள் உண்டு. அந்த எண்ணம் தவறானது. இயந்திரம் குறையற்றது, ஒரு கோப்புதான் குறைந்தது.

கொல்லிமலை அடிவாரத்தில், நாமக்கல் மாவட்டத்தில் உள்ள பேளுக்குறிச்சி போன்ற ஊர்களில் இதன் பாரம் கூடுதல். மிளகு, சீரகம், மல்லி, மஞ்சள் என ஆண்டுக்கான மளிகையை வெளி மாவட்டத்தார் வந்து வாங்கிப்போகும் சந்தைக்குப் பெயர்பெற்ற ஊர் அது. ஆனால் கணினி பழுது பார்க்க ராசிபுரத்துக்கோ நாமக்கல்லுக்கோ போக வேண்டும். மலைமேல் செம்மேடு, செங்கரைப் பக்கத்துப் பழங்குடி மாணவர்களுக்கு அதற்கு முன் மலைப்பாதையைக் கடக்கும் வேலையும் உண்டு; காரவள்ளி வழியில் மட்டும் 70 கொண்டை ஊசி வளைவுகள். இணையம் மெலிந்த இத்தகைய இடங்களில் டிரைவர்த் தொகுப்புகள் பென் டிரைவில் கைமாறின. ‘டிரைவர்பேக்’ போன்ற தொகுப்புகள் ஆயிரக்கணக்கான சில்லுகளுக்கான டிரைவர்களை ஒரே டிவிடியில் அடக்கியவை. வேலையை எளிதாக்கினாலும், வேண்டாத மென்பொருளையும் சேர்த்து ஏற்றிவிடுகின்றன என்ற குறை அவற்றின்மேல் உண்டு.

2014 ஏப்ரல் 8 அன்று விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு முடிந்தபோது, அரசுத் துறைகள் பாஸுக்கு மாறலாம் என்று தமிழ்நாடு அரசு அறிவுறுத்தியது. எத்தனை அலுவலகங்கள் உண்மையில் மாறின என்பதில் கணக்குகள் ஒத்துப்போகவில்லை. 2019–20 வரை வழங்கப்பட்ட மடிக்கணினிகளின் மொத்தம் 50 லட்சத்தை ஒட்டியது என்பர். இதுவும் ஆவணத்துக்கு ஆவணம் மாறுகிறது.

அம்மடிக்கணினிகளின் பிற்கால வாழ்வுக்கு எதிர்பாராத இடத்திலிருந்து உதவி வந்தது. மீசா என்ற கட்டற்ற வரைகலைத் தொகுப்பு, தன் பழைய கட்டமைப்பைக் கழிக்க முடிவுசெய்தபோது, இன்டெலின் பழைய சில்லுகள் ஆதரவை இழக்கும் நிலை வந்தது. நிரலாளர் டேவ் ஏர்லி 2021இல் அவற்றுக்கென்றே ‘குரோகஸ்’ என்ற புதிய டிரைவரைச் சேர்த்தார். 2006 முதல் 2013 வரை வந்த இன்டெல் உள்ளமைந்த சில்லுகள் பெரும்பாலும் இதன்கீழ் அடங்கும். வணிக லாபம் எதுவும் தராத வேலை அது. 2012இல் பன்னிரண்டாம் வகுப்பில் பெற்ற மடிக்கணினியில் இன்று ஒருவர் புதிய லினக்ஸை ஏற்ற முடிகிறதென்றால், அதற்கு இத்தகைய உழைப்பே காரணம். தமிழில் இவ்வகைச் செய்திகளை எழுதி வருவதில் 2012இல் தொடங்கிய ‘கணியம்’ மின்னிதழுக்குப் பங்குண்டு.

புதுப்பிப்பதா, விடுவதா

இது தீராத வாதம். 2010 மார்ச்சில் என்விடியா வெளியிட்ட 196.75 டிரைவர் விசிறிக் கட்டுப்பாட்டைக் குலைத்து அட்டைகள் சூடேறக் காரணமானதால், நிறுவனமே அதைத் திரும்பப் பெற்றது. ‘ஓடுகிறதைத் தொடாதே’ என்போர் இதைக் காட்டுவர். கல்யாண ஆல்பம் வடிவமைக்கும் ஸ்டூடியோக்களில் முகூர்த்த மாதங்களில் டிரைவரைத் தொடாமல் இருப்பதற்குத் தக்க காரணம் இருக்கிறது: பழைய ஃபோட்டோஷாப் பதிப்பு புதிய டிரைவரோடு முரண்டு பிடித்தால் வேலை நாள் போய்விடும். மறுதரப்பு, டிரைவர் இயங்குதளத்தின் ஆழத்தில் இயங்குவதால் அதிலுள்ள ஓட்டை கணினி முழுவதையும் திறந்துவிடும் என்கிறது. என்விடியா முதலிய நிறுவனங்கள் பாதுகாப்பு அறிக்கைகளைத் தொடர்ந்து வெளியிடுவது இதற்குச் சான்று. விளையாடுவோர் உடனுக்குடன் புதுப்பிக்கலாம். தொழில் செய்வோர் பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் சில வாரம் பொறுத்து ஏற்றலாம் என்பதே நடைமுறையில் பலர் கொள்ளும் வழி. தமிழ் எழுத்துகள் கட்டமாகத் தெரிவதற்கு மட்டும் டிரைவரைப் பழிப்பது பொருந்தாது. அது எழுத்துருவும் இயங்குதளமும் சார்ந்தது; விண்டோஸில் தமிழ் ஒருங்குறி ஆதரவு விண்டோஸ் 2000இல்தான் வந்தது.

அண்மைக்காலம்

2022 மே மாதம் என்விடியா தன் லினக்ஸ் கெர்னல் பகுதியின் மூல நிரலைத் திறந்தது. அந்நிறுவனத்தின் விண்டோஸ் டிரைவர்க் கோப்பு இன்று 600 எம்பியைத் தாண்டும். 2025 தொடக்கத்தில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசை அட்டைகளுக்குத் திரை கறுக்கும் பிழையைத் தீர்க்கப் பல அவசரத் திருத்தங்கள் வந்தன. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிந்தது. தமிழ்நாட்டின் 2025–26 வரவுசெலவுத் திட்டம், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி வழங்கப்படும் என அறிவித்தது.