வில்லும் அதன் துணையும்

என் அக்கா மகனுக்குச் சென்ற வருஷம் ஒரு விபரீத ஆசை பிறந்தது. தன் காரின் முன்பக்கத்தைத் தரையோடு தரையாகத் தாழ்த்திவிட வேண்டுமாம். "வளைவிலே கார் தரையைப் பிடித்துக்கொண்டு போகும், மாமா" என்றான். குட்டையான, கடுமையான ஸ்பிரிங்குகள் இரண்டு வாங்கி, பழைய ஸ்ட்ரட்டிலேயே மாட்டிக்கொண்டு வந்தான். முதல் சவாரிக்கு என்னைத்தான் அழைத்தான். கதை எழுதுகிறவனுக்கு உயிர்மேல் அவ்வளவு பற்று இராது என்று நினைத்தான் போலிருக்கிறது.

ஊருக்கு வெளியே ஒரு பாலம். அதன் இணைப்பில் சக்கரம் ஏறி இறங்கியதும் கார் துள்ளியது. துள்ளியது அடங்கவில்லை. இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று குதித்துக்கொண்டே வளைவுக்குள் போயிற்று. பையன் ஸ்டீயரிங்கைத் திருப்பினான். சக்கரம் தரையை விட்டுக் கிளம்பிய பிறகு ஸ்டீயரிங் எதைத் திருப்பும்? எதிரே வந்த லாரிக்காரர் சமயத்தில் ஒதுங்கினார். அந்தப் புண்ணியவான் தயவில்தான் இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது.

நான் கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு நின்றவன். ஆனாலும், ஓர் இரும்புச் சுருள் என்னைக் கொல்லப் பார்த்தது என்றால் அதன் பூர்வோத்தரத்தை விசாரிக்காமல் இருக்க முடியுமா? விசாரித்தேன்.

ஸ்பிரிங்கின் சுபாவத்தை ராபர்ட் ஹூக் என்ற ஆங்கிலேயர் 1678-லேயே சொல்லிவிட்டார். எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு பலமாக அது எதிர்த்துத் தள்ளும். வாங்கிய கடனைக் கிட்டத்தட்ட முழுவதும் திருப்பிக் கொடுத்துவிடும் யோக்கியன் அது. சங்கடமே அந்த யோக்கியதையில்தான் இருக்கிறது. பள்ளத்தில் வாங்கிய அதிர்ச்சியை மேட்டில் நம்மிடமே திருப்பித் தந்துவிடுகிறது.

நம்முடைய வில்வண்டி அப்படித் துள்ளிக்கொண்டே போனதில்லையே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வில்வண்டியின் வில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புப் பட்டைகள். வளையும்போது பட்டைகள் ஒன்றோடொன்று உராய்கின்றன. அந்த உராய்விலேயே துள்ளலில் ஒரு பங்கு உஷ்ணமாகக் கரைந்துவிடும். வில்லும் அதை அடக்கும் கையும் ஒரே பொருளில் குடியிருந்தன.

மோட்டார் வந்து வேகம் கூடியதும் அந்த உராய்வு போதவில்லை. பிரான்சில் த்ரூஃபோ என்பவர் உராயும் தட்டுகளைத் தனியே வைத்து ஒரு கருவி செய்தார். அதை ஹார்ட்ஃபோர்டு என்பவர் அமெரிக்காவில் பரப்பினார். மோரிஸ் ஊதாய் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் எண்ணெயைச் சிறு துவாரத்தின் வழியே நெருக்கித் தள்ளி அதே வேலையைச் செய்வித்தார். 1927 கடைசியில் ஃபோர்டு வெளியிட்ட 'ஏ' மாடலில், சாதாரண ஜனங்கள் வாங்கும் அந்தக் காரிலேயே, ஊதாயின் கருவி இருந்தது. இவைதாம் நாம் ஷாக் அப்சார்பர் என்று சொல்லுகிறவற்றின் முன்னோர்கள். பெயர்தான் பொருத்தமில்லை. அதிர்ச்சியை வாங்குவது ஸ்பிரிங். அது திருப்பிக் கொடுப்பதைத் தடுத்து நிறுத்துவதுதான் இதன் வேலை.

1934-ல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் கார்கள் பலவற்றில் முன்சக்கரங்களைத் தனித்தனியே அசையவிட்டுச் சுருள் ஸ்பிரிங் வைத்தது. சுருளில் உராய்வதற்குப் பட்டை ஏது? இனி எண்ணெய்க் குழாய் இல்லாமல் ஒரு கணமும் தள்ளாது என்று ஆகிவிட்டது.

இந்தச் சமயத்தில்தான் எர்ல் மக்பெர்சன் வருகிறார். யுத்தம் முடிந்த 1945-ல், ஆயிரம் டாலருக்குள் ஒரு சிறிய காரைச் செய்யும் பொறுப்பை ஜெனரல் மோட்டார்ஸ் அவரிடம் கொடுத்தது. செவ்ரலே கேடட் என்று அதற்குப் பெயர். காசு மிச்சப்பட வேண்டும், இடமும் மிச்சப்பட வேண்டும். சுருளையும் எண்ணெய்க் குழாயையும் ஒரே காலாகச் சேர்த்து, சக்கரத்தை அதிலேயே நிறுத்தினார். 1947-ல் கம்பெனி அந்தக் காரையே கைவிட்டது. மனிதர் அதே வருஷம் ஃபோர்டுக்குப் போய்விட்டார். 1950-ல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் ஃபோர்டு கான்சல் நின்றபோது, முன்பக்கம் அவருடைய கால்களில்தான் நின்றது. நம் நாட்டில் 1983-ல் வந்த மாருதி 800-க்கும் முன்கால்கள் அதே ஜாதிதான்.

ஆக, ஸ்ட்ரட் என்பது வெறும் எண்ணெய்க் குழாய் அல்ல. சக்கரம் திரும்பும் அச்சும் அதுவே, வளைவில் பக்கவாட்டுப் பாரத்தைத் தாங்கும் எலும்பும் அதுவே. அதிலே சுருளை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்பதைத்தான் அன்று பாலத்தில் பார்த்தோம்.

கணக்கு எளியது. காரின் எடை மாறாதிருக்க, ஸ்பிரிங்கின் கடுமை 44 சதவிகிதம் கூடினால், தடுக்கும் பலம் 20 சதவிகிதம் கூட வேண்டும். 1.44-க்கு வர்க்கமூலம் 1.2 அல்லவா? அதிலும் சுருள் நீளும்போது தடுக்கும் பலம்தான் முக்கியம். அதற்காக அளவுக்கு மீறி இறுக்கினாலும் ஆபத்து. ஒரு பள்ளத்தில் மடங்கிய சக்கரம் மறுபடி நீளுவதற்குள் அடுத்த பள்ளம் வந்துவிடும்.

இன்னொரு கணக்கு நீளம். கார் 3 சென்டிமீட்டர் தாழ்ந்தால், சக்கரம் மேலே ஏறுவதற்குள்ள இடமும் 3 சென்டிமீட்டர் குறைகிறது. பழைய ஸ்ட்ரட்டானால் அதன் தண்டு அடிக்கடி ரப்பர் முட்டில் போய் மோதும். அது முழுவதும் நீளும்போதோ குட்டைச் சுருள் தன் தட்டில் பிடிப்பில்லாமல் ஆடும். உடல் குட்டையான, அந்தச் சுருளுக்கென்றே அளவிட்ட ஸ்ட்ரட்தான் வேண்டும். மாட்டிய பிறகு சக்கரங்களின் சாய்வையும் நேர்பார்க்க வேண்டும்.

இவ்வளவையும் பையனிடம் சொன்னேன். "ஸ்பிரிங்கைவிட ஸ்ட்ரட் விலை அதிகம், மாமா. அதனால்தான் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று..." என்று இழுத்தான். ஆயிரம் டாலர்க் காருக்காகக் காசைக் குறைக்கத்தான் மக்பெர்சன் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தார். இவனோ காசைக் குறைக்க அவற்றைப் பிரித்திருக்கிறான்!

பாதிப் பணம் நான் போட்டேன். பொருத்தமான ஸ்ட்ரட் வந்தது. மறுபடி அதே பாலம். இணைப்பில் கார் ஒரு முறை எழுந்தது, ஒரு முறை அமர்ந்தது, அவ்வளவுதான். வளைவில் எதிரே லாரி ஒன்றும் வரவில்லை. வந்திருந்தால் இறங்கிக் கும்பிட்டிருப்பேன்.