அரசருக்கு மட்டுமாக இருந்த காடு

லீவு நாட்களில் கண்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டி வருபவர்கள் தலதா மாளிகையையும் வாவியையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மாளிகைக்குப் பின்னால் மலையில் இருக்கும் உடவத்தகெலேக்கு ஏறுபவர்கள் குறைவு.

கண்டி இராச்சிய காலத்தில் அது ‘உட வாசல வத்த’, அதாவது அரண்மனைக்கு மேலுள்ள தோட்டம். அங்குள்ள குளத்தில் அரச குடும்பத்தினர் குளித்தார்கள். குடிமக்கள் நுழையத் தடை. அதனால் ‘தஹன்சி கெலே’, தடுக்கப்பட்ட காடு என்றும் பெயர்.

1815இல் இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. வாவியை வெட்டுவித்த கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூரில் கைதியாக இருந்து 1832இல் இறந்தார். காடு மிஞ்சியது. 1856இல் ஒதுக்கக் காடாகவும் 1938இல் சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டது. இன்றும் நகரத்தை ஒட்டியே சுமார் 104 ஹெக்டேயர்.

அன்று தடை இருந்தது. இன்று டிக்கெட் எடுத்தால் யாரும் போகலாம். காப்பதும் நம் பொறுப்புத்தான். பிள்ளைகளோடு ஒருமுறை போய்ப் பாருங்கள். கொண்டுபோகும் பொலித்தீனைத் திரும்பக் கொண்டு வாருங்கள்.