இறால் தொட்டியின் வெப்பநிலை: எத்தனை டிகிரி என்பதைவிட எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பது ஏன் முக்கியம்?

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது எல்லாம் நல்லாத்தான் இருந்தது. சாயங்காலம் வந்து பார்த்தால் தொட்டியின் அடியில் மூன்று செர்ரி இறால்கள், சமைத்த இறால் மாதிரி வெளிறிப்போய்க் கிடக்கின்றன. மற்றவை ஃபில்டரின் உச்சியில், நீர்மட்டத்தை ஒட்டி அப்பிக்கொண்டிருக்கின்றன. தெர்மாமீட்டர் 31 டிகிரி காட்டுகிறது. "வெயில்ல செத்துப்போச்சு" என்று முடிவு செய்துவிடுவோம். அது பாதி உண்மைதான்.

தைவான், சீனா பக்கத்து நீரோடைகளைச் சேர்ந்த இந்தச் சின்ன இறாலுக்கு 22 முதல் 26 டிகிரி வரை ரொம்ப சௌகரியம். 18-க்கு இறங்கினாலும் 28-க்கு ஏறினாலும் சமாளித்துக்கொள்ளும். அதற்கு மேலே போனால் உடனே செத்துவிடாது. ஆயுள் குறையும், 32 டிகிரியிலேயே தொடர்ந்து இருந்தால் முட்டை சுமப்பது நின்றுவிடும். (சிவப்பு-வெள்ளைப் பட்டை போட்ட கிரிஸ்டல் இறால் வேறு ரகம். அதற்கு 20-23 டிகிரி வேண்டும். சில்லர் வாங்க பட்ஜெட் இல்லாதவர்கள் நம்ம ஊர்களில் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.)

சூடு ஏறும்போது தொட்டிக்குள் என்ன நடக்கிறது?

தண்ணீர் சூடாக ஆக, அதில் கரைந்து நிற்கும் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 9 மில்லிகிராம் நிற்கும். 30 டிகிரியில் 7.5 மில்லிகிராம்தான். அதே நேரத்தில் சூட்டில் இறாலின் உடல் வேகமாக இயங்குவதால் அதற்கு ஆக்சிஜன் அதிகம் தேவைப்படும். ஃபில்டரில் இருக்கும் பாக்டீரியாக்களும் அதையேதான் கேட்கும். வரவு குறைகிறது, செலவு கூடுகிறது. இறால்கள் நீர்மட்டத்துக்கு ஏறி வந்தது காற்றுக்காகத்தான்.

அதனால் சூடான நாளில் முதல் மருந்து ஐஸ் இல்லை, ஏர் பம்ப். தண்ணீரின் மேற்பரப்பு நன்றாகக் கலங்க வேண்டும். அன்றைக்குத் தீனியைப் பாதியாகக் குறையுங்கள், முடிந்தால் போடவே வேண்டாம். மிச்சத் தீனி அழுகினாலும் ஆக்சிஜனைத்தான் தின்னும்.

முதலில் அளந்து பாருங்க

கண்ணாடியில் ஒட்டும் ஸ்ட்ரிப் தெர்மாமீட்டர் தண்ணீரின் சூட்டோடு வெளிக்காற்றின் சூட்டையும் சேர்த்துத்தான் காட்டும். வயரோடு வரும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்குங்கள்; அன்றைய அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் நினைவில் வைத்துக்கொள்ளும் வகை என்றால் இன்னும் நல்லது. ஒரு வாரம் குறித்து வையுங்கள். உங்கள் எதிரி 31 டிகிரியா, அல்லது ராத்திரி 24, மதியம் 31 என்ற ஊஞ்சலா என்று தெரிந்துவிடும்.

பெரும்பாலும் ஊஞ்சல்தான். படுக்கையறையில் தொட்டி, இரவு முழுக்க ஏசி, காலையில் ஆஃப், பகல் முழுக்கப் பூட்டிய வீடு. 20 லிட்டர் தொட்டி இதற்கு ரொம்ப லேசாக ஆடிவிடும். 60 லிட்டர் தொட்டி நிதானமாக ஏறி நிதானமாக இறங்கும். ஒரு நாளின் வித்தியாசம் இரண்டு மூன்று டிகிரிக்குள் நிற்கட்டும். என்னைக் கேட்டால், நிலையாக 28 டிகிரி இருக்கும் ஹால் தொட்டி, 24-க்கும் 31-க்கும் நடுவே ஆடும் ஏசி ரூம் தொட்டியைவிட மேல். மேற்குச் சுவர், ஃப்ரிட்ஜ் மேல், ஜன்னலோரம் இதெல்லாம் வேண்டாம். மொட்டை மாடிக்கு நேர் கீழே வீடு என்றால், தொட்டியைத் தரைக்குப் பக்கத்தில் வையுங்கள்.

ஃபேன் டெல்லியில் வேலை செய்யும், மும்பையில் ஏன் திணறும்?

மூடியை எடுத்துவிட்டு ஒரு சின்ன யூஎஸ்பி ஃபேனை நீர்மட்டத்தைப் பார்த்து வைத்தால் தண்ணீர் ஆவியாகும், ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். 100 மில்லி ஆவியானாலே, 20 லிட்டர் தொட்டியை கிட்டத்தட்ட 3 டிகிரி குறைக்கும் அளவுக்கு வெப்பம் வெளியேறிவிடும். அறைக்காற்று அதில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்துவிடும் என்பது வேறு விஷயம்.

ஆனால் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாவது குறையும். 40 டிகிரி வெயில், 20% ஈரப்பதம் என்ற டெல்லி மே மாத மதியத்தில், ஆவியாதல் மூலம் எட்டக்கூடிய எல்லை சுமார் 23 டிகிரி. 33 டிகிரி, 70% ஈரப்பதம் என்ற மும்பையிலோ சென்னையிலோ அந்த எல்லை சுமார் 28 டிகிரி. எந்தத் தொட்டியும் அந்த எல்லையை முழுசாகத் தொடாது, கொஞ்சம் மேலேயே நிற்கும். அதனால் கடலோர நகரத்தில் இருப்பவர்கள் ஃபேனை வைத்துக்கொண்டு 24-ஐத் துரத்த வேண்டாம். 29-இல் நிறுத்தி, ஏர் பம்ப்பை முழு வேகத்தில் ஓட விடுங்கள், போதும். லைட்டையும் பகலில் அணைத்துவிட்டு இரவில் சில மணி நேரம் போடலாம்.

ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். உப்புகள் தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்த அளவை மீண்டும் போர் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே இருந்தால் டிடிஎஸ் ஏறிக்கொண்டே போகும், இறால் பழைய ஓட்டைக் கழற்ற முடியாமல் தவிக்கும். ஆவியான அளவுக்கு ஆர்ஓ தண்ணீர் ஊற்றுங்கள். மூடி இல்லாத தொட்டிக்கு ஒரு வலைத்துணி போடுங்கள். அந்த அறையில் கொசுவர்த்தி, லிக்விட் மருந்து எதுவும் வேண்டாம். அதில் இருக்கும் பைரித்ராய்டு வகை ரசாயனம் இறாலுக்கு விஷம், ஏர் பம்ப் அதை நேராகத் தண்ணீருக்குள் இறக்கிவிடும்.

ஃப்ரீசரில் வைத்த அரை லிட்டர் பாட்டிலை மிதக்கவிடும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. ஐஸ் முழுதாக உருகி முடியும்போது 20 லிட்டர் தொட்டி கிட்டத்தட்ட 3 டிகிரி இறங்கியிருக்கும், அப்புறம் மறுபடி ஏறும். ஊஞ்சலை நீங்களே ஆட்டிவிடுகிறீர்கள். 32-ஐத் தாண்டிய அவசரத்துக்கு மட்டும், சின்ன பாட்டிலாக, மெதுவாகச் செய்யுங்கள்.

யாரும் சந்தேகப்படாத குற்றவாளி: மொட்டை மாடித் தொட்டி

ஞாயிறு மதியம்தான் நமக்கு நேரம் கிடைக்கும், அப்போதுதான் தண்ணீர் மாற்றுவோம். ஏப்ரல், மே மதியத்தில் மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் 40 டிகிரியைத் தொடலாம். 27 டிகிரியில் இருக்கும் 20 லிட்டர் தொட்டியில் 5 லிட்டரை எடுத்துவிட்டு அந்தத் தண்ணீரை ஊற்றினால், ஒரே நிமிடத்தில் 30-ஐத் தாண்டிவிடும். ஆர்ஓ மெஷினுக்கும் அதே மாடித் தண்ணீர்தான் போகிறது என்பதை மறந்துவிடாதீர்கள். முந்தின இரவே பக்கெட்டில் பிடித்து, தொட்டி இருக்கும் அறையிலேயே வைத்துவிடுங்கள். காலையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சூட்டில் இருக்கும். 10 சதவீதம் மாற்றினால் போதும், அதையும் மெதுவாக.

டெல்லி, சண்டிகர் பக்கம் ஜனவரியில் இதே கதை தலைகீழாக நடக்கும். ஐஸ் மாதிரி குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள்.

ஹீட்டர் வேண்டுமா?

பெங்களூரில் பெரும்பாலான வீடுகளுக்குத் தேவைப்படாது. வட இந்தியக் குளிர்காலத்துக்கு வேண்டும். லிட்டருக்கு ஒரு வாட் என்பது போதுமான கணக்கு. "பெருசா இருந்தா நல்லதுதானே" என்று 20 லிட்டருக்கு 100 வாட் வாங்கிவிட்டால், தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொள்ளும் நாளில் மணிக்கு சுமார் 4 டிகிரி ஏறும். நீங்கள் ஆபீஸிலிருந்து வருவதற்குள் கதை முடிந்திருக்கும். 25 வாட் என்றால் மணிக்கு ஒரு டிகிரிதான், அதிலும் பாதி வெளியே போய்விடும். தண்ணீர் மாற்றும் முன் ஹீட்டரை ஆஃப் செய்து ஆறவிடுங்கள்; தண்ணீருக்கு வெளியே சூடான கண்ணாடிக் குழாய் விரிசல் விடும்.

கடைசியாக, கரண்ட் கட். ஏர் பம்ப் இழுப்பது மூன்று, நாலு வாட்தான். இன்வெர்ட்டர் இருந்தால் அந்தப் பாயிண்டில் மாட்டுங்கள். இல்லையா, பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றும், யூஎஸ்பி ஃபேனுக்கு ஒரு பவர் பேங்க்கும் தொட்டிக்குக் கீழேயே இருக்கட்டும். மே மாதத்துக்கு முன்னாடியே ஒருமுறை சார்ஜ் போட்டு, ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.