விளையாட ஒரு மணி நேரம்

2004-ல் ஜப்பானின் எஸ்எஸ்டி நிறுவனம் அமெரிக்கச் சந்தையில் ஸாவிக்ஸ்போர்ட் என்ற வீட்டு வீடியோ கேம் கருவியை இறக்கியது. டிவியோடு இணைக்கும் ஒரு சிறிய பெட்டி. ஆட்டத்துக்கு ஒரு கார்ட்ரிட்ஜ். கூடவே டென்னிஸ் மட்டை, பேஸ்பால் மட்டை, பவுலிங் பந்து வடிவில் கைக்கருவிகள். ஆடுபவர் மட்டையை உண்மையாகவே வீச வேண்டும். அந்த வீச்சை உணர்ந்து திரையில் பந்து பறக்கும். ஜாக்கி சான் பெயரில் உடற்பயிற்சிக்கான மிதிவிரிப்பும் வந்தது. இந்த எண்ணம் அன்று பிறந்ததில்லை. 1986-லேயே பண்டாய் நிறுவனம் காலால் மிதித்து ஓடும் விரிப்பொன்றை ஜப்பானில் விற்றது. 2006-ல் நிண்டெண்டோவின் வீ வந்து 10 கோடிக்கும் மேல் விற்றது. அடுத்த ஆண்டே ஏறி நிற்கும் பலகையுடன் வீ ஃபிட் வந்தது. 2010-ல் மைக்ரோசாஃப்டின் கினெக்ட், கையில் எதுவும் வேண்டாம், உடம்பே போதும் என்றது. ஏழு ஆண்டுகளில் அதன் உற்பத்தியும் நின்றுபோனது. இந்த வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் சென்சார்களின் வரலாறாக எழுதுகிறார்கள். குழந்தையின் நேரம் என்ற பக்கத்திலிருந்து எழுதினால்தான் இது முழுமையாகப் புரியும் என்பது என் வாதம். குழந்தையின் உடம்பு ஆட வேண்டுமானால் முதலில் அதற்கென்று ஒரு பொழுது இருக்க வேண்டும், கருவி இரண்டாம்பட்சம். அந்தப் பொழுது எப்படிப் பறிபோகும், எத்தனை பாடுபட்டு மீளும், மீண்டபின் எங்கே போகும் என்பதைச் சிவகாசி அளவுக்குத் தெளிவாகச் சொல்லும் ஊர் தமிழ்நாட்டில் வேறில்லை.

முதலில் கருவி கொடுத்த வாக்குறுதியைப் பார்த்துவிடுவோம். திரைமுன் உட்கார்ந்தே இருக்கும் பிள்ளையை அதே திரையைக் கொண்டு எழுப்பிவிடலாம் என்பதுதான் அது. இது வெறும் விளம்பரப் பேச்சில்லை, ஓரளவு உண்மை. 2007-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஓர் ஆய்வு, வீ ஆடும் பதின்வயதினர் உட்கார்ந்து ஆடுவோரைவிடக் கணிசமாக அதிக ஆற்றலைச் செலவிடுகிறார்கள் என்று அளந்து சொன்னது. ஆனால் உண்மையான டென்னிஸும் குத்துச்சண்டையும் கேட்கும் ஆற்றல் அதைவிட அதிகம் என்றும், அன்றாடம் தேவைப்படும் உடற்பயிற்சிக்கு இது ஈடாகாது என்றும் அதே ஆய்வு சொன்னது. 2012-ல் பீடியாட்ரிக்ஸ் இதழில் பரனௌஸ்கி குழுவினர் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேரடியானது. பிள்ளைகளின் வீடுகளுக்கு வீ கருவியைக் கொடுத்து, சிலருக்கு உடம்பை அசைக்கும் ஆட்டங்களையும் மற்றவர்களுக்கு உட்கார்ந்து ஆடும் ஆட்டங்களையும் தந்தார்கள். பதின்மூன்று வாரம் அளந்து பார்த்ததில் இரு தரப்பின் உடல் உழைப்பிலும் வேறுபாடு தென்படவில்லை. கருவி வீட்டுக்குள் வந்துவிட்டது. ஆனால் அந்தப் பிள்ளைகளின் நாள் மாறவில்லை. கருவியை வடிவமைத்தவர்கள் மூன்று விஷயங்களை இருப்பதாகவே எடுத்துக்கொண்டார்கள்: கை வீச இடமுள்ள கூடம், ஓய்வாக இருக்கும் குழந்தை, ஆடு என்று அனுமதிக்கும் குடும்பம். இவற்றில் நடுவில் உள்ளதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. அது இயற்கையாகக் கிடைப்பதில்லை. ஒரு சமூகம் முடிவெடுத்துக் கொடுப்பது.

சிவகாசியில் அது நெடுநாள் கொடுக்கப்படவில்லை. மழை பொய்க்கும் கரிசல் பூமி. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். வெயிலும் வறண்ட காற்றும் விவசாயத்துக்குப் பகை. தீக்குச்சியும் வெடிமருந்தும் உலர்வதற்கு அவையே துணை. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்ததால் அச்சகம் வந்தது; தீப்பெட்டியின் ரசாயனம் கைவந்ததால் பட்டாசு வந்தது. நேரு இந்த ஊரைக் குட்டி ஜப்பான் என்று பாராட்டியதாக இன்றும் பெருமையோடு சொல்வார்கள். அந்த உழைப்புக்கு அந்தப் பாராட்டு தகும். ஆனால் அதே உழைப்பில் பெரும் பங்கு குழந்தைகளுடையதாக இருந்தது. 1983-ல் ஸ்மிது கோத்தாரி எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லியில் எழுதிய கட்டுரை அதை நாடறியச் செய்தது. விடியுமுன் ஊர் ஊராகக் கம்பெனி வண்டி வரும். தூக்கம் கலையாத பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தீப்பெட்டி ஆபீஸுக்கும், பயர் ஆபீஸ் எனப்படும் பட்டாசு ஆலைக்கும் போகும். இருட்டிய பிறகு திரும்பக் கொண்டுவந்து விடும். சுற்றுவட்டாரத்தில் உழைத்த குழந்தைகள் சுமார் 45,000 பேர் என்ற கணக்கு அந்தக் காலத்தில் பரவலாக எடுத்தாளப்பட்டது. அவர்களில் பெண்பிள்ளைகளே அதிகம்.

பாடுபட்ட உடம்புக்குத் தனியாக உடற்பயிற்சி எதற்கு, உழைப்பே பயிற்சிதானே என்று இங்கே ஒருவர் கேட்கலாம். ஏர் உழுபவருக்கும் மூட்டை தூக்குபவருக்கும் அந்தக் கேள்வி ஓரளவு பொருந்தும். தீப்பெட்டி ஆபீஸின் வேலை அந்த வகையில் சேராது. சட்டத்தில் குச்சி அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, லேபிள் ஒட்டுவது, குச்சி அடைப்பது எல்லாம் தரையில் குந்தியோ சம்மணமிட்டோ செய்யும் வேலைகள். விரல்கள் மட்டும் ஓயாமல் ஓடும்; முதுகு வளைந்தபடியே இருக்கும். கூலி நேரத்துக்கு அல்ல, அடுக்கிய சட்டத்துக்கும் ஒட்டிய பெட்டிக்கும். எழுந்து நடந்தால் அத்தனையும் நஷ்டம் என்பதால் பிள்ளை தானாகவே எழுந்திருக்காது. அமெரிக்க வீட்டில் சோபாவில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையும் சிவகாசியில் தரையில் உட்கார்ந்திருந்த பிள்ளையும் ஒன்றல்ல. ஒன்றுக்கு அது ஓய்வு, மற்றொன்றுக்கு அது பிழைப்பு. ஆயினும் ஓடவேண்டிய வயதில் ஓடாமல் போனது இருவருக்கும் பொது. உழைப்பு உடம்பைத் தேய்க்கவும் செய்யும், முடக்கவும் செய்யும்; அது விளையாட்டின் இடத்தை ஒருபோதும் நிரப்பாது.

இந்தப் பொழுதை மீட்டது எந்தக் கருவியும் இல்லை; சட்டமும் சோறும் பள்ளிக்கூடமும்தான். விருதுநகரில் பிறந்த காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது 1950-களில் கொண்டுவந்த பள்ளி மதிய உணவு, பசித்த பிள்ளையைப் பள்ளியில் இருத்தும் ஏற்பாடு. 1982-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் அதை விரித்தது. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1988-ல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட இடங்களில் சிவகாசியும் ஒன்று. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1990-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மருந்தோடு புழங்கும் உற்பத்தி வேலையில் பிள்ளைகளைச் சேர்க்கக் கூடாது என்றது; ஆனால் தள்ளியிருக்கும் இடத்தில் பொட்டலம் கட்ட அனுமதித்து, பெரியவர் கூலியில் 60 விழுக்காடு கொடுக்கச் சொன்னது. அன்றைய நீதியின் எல்லை அவ்வளவுதான். ஆறு ஆண்டுகள் கழித்து, 1996 டிசம்பர் 10 அன்று, அதே நீதிமன்றம் ஆபத்தான தொழிலில் சேர்க்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று உத்தரவிட்டது. இடையில், 1992-ல், குழந்தை உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா ஏற்றது. அதன் 31-ஆம் பிரிவு ஓய்வையும் விளையாட்டையும் குழந்தையின் உரிமையாகவே எழுதிவைத்திருக்கிறது. 2016-ன் சட்டத் திருத்தம் ஆபத்தான வேலைகளிலிருந்து 18 வயது வரை உள்ளவர்களையும் விலக்கியது. இன்னும் மீறல்கள் உண்டு. ஆனாலும் விடியுமுன் பிள்ளைகளை அள்ளிச்சென்ற அந்த வண்டிகளின் காலம் முடிந்தது. ஒரு தலைமுறையின் காலைப்பொழுது குழந்தைகளுக்குத் திரும்பக் கிடைத்தது.

விஷயம் அத்தனை சிக்கலானதல்ல, விலைதான் தடை, சிவகாசியில் மலிவாகச் செய்யத் தெரிந்திருந்தால் இந்தக் கருவியும் எல்லா வீட்டுக்கும் போயிருக்கும் என்று வேறொருவர் வாதிடலாம். விலை ஒரு தடைதான் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதுவே முதற்காரணம் என்பதற்குச் சிவகாசியின் வரலாறு இடம் தரவில்லை. விளையாட்டுச் சாமானை மலிவாகச் செய்வதில் இந்த ஊருக்கு ஈடு உண்டா? தீக்குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும் பெட்டியின் பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரஸும் இருக்கும். இரண்டும் உரசினால்தான் தீ. அந்த இரண்டையும் துளியளவு சேர்த்துக் காகிதத்தில் பொதித்தால் பொம்மைத் துப்பாக்கிக்கான கேப். சுருள் கேப்பும் பொட்டுக் கேப்பும் நாடு முழுக்கப் பிள்ளைகளைத் தெருவில் துரத்திப்பிடித்து ஓடவைத்தன. கையில் ஒரு கருவி, அழுத்தினால் ஒரு சத்தம், கூடவே ஓட்டம்: கன்சோல் கூடத்துக்குள் தேடிய பலன் சில காசுகளுக்குத் தெருவிலேயே கிடைத்தது. சீட்டுக்கட்டையும் சிவகாசி அச்சிட்டது. ஆக, விளையாட்டுப் பொருள் இந்த ஊரில் என்றுமே அரிதாக இருந்ததில்லை. அதைச் செய்த இடத்துப் பிள்ளைகளிடம் அரிதாக இருந்தது நேரம். திரைக்கும் இதே கதைதான். வீ வெளிவந்த அதே 2006-ல் தமிழ்நாடு அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியது. ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு அது போய்ச் சேர்ந்தது. கூலித் தொழிலாளியின் வீட்டிலும் திரை வந்தது. பொருளை அரசே வீட்டுக்குள் கொண்டுவந்து வைக்க முடியும். குழந்தையின் அன்றாட நேரத்தை ஒழுங்குசெய்வது அதைவிடக் கடினமான காரியம்.

அந்தக் கடினம் பிறகு நடந்ததில் வெளிப்படுகிறது. தொழிற்சாலையிடமிருந்து மீண்ட நேரம் விளையாட்டுக்குப் போகவில்லை. பெரும்பாலும் பாடப்புத்தகத்துக்குப் போனது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி விகிதத்தில், சிவகாசி அடங்கிய விருதுநகர் மாவட்டம் மாநிலத்தின் முதலிடத்தைப் பல ஆண்டுகள் தொடர்ந்து தன்னிடமே வைத்திருந்தது. 2023-லும் அதற்குத்தான் முதலிடம். குழந்தை உழைப்புக்குப் பேர்போன மண், படிப்புக்குப் பேர்பெற்றது தமிழ்நாட்டின் மகத்தான மாற்றங்களில் ஒன்று. தீக்குச்சி அடுக்கிய தாயின் மகள் பொறியியல் படிக்கும் வீட்டில் போய், மதிப்பெண்ணைக் குறைத்துக்கொள் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. மதிப்பெண் அங்கே வெறும் எண் கிடையாது, பயர் ஆபீஸிலிருந்து வெளியேறும் வாசல். ஆனாலும் அதிகாலைச் சிறப்பு வகுப்பு, மாலையில் டியூஷன், ஞாயிறு தேர்வு, பத்தாம் வகுப்பில் கணக்கும் அறிவியலும் எடுத்துக்கொள்ளும் பி.டி. பீரியட் என்று நாள் அமையும்போது, பிள்ளை மறுபடியும் உட்கார்ந்த இடத்தில்தான் இருக்கிறது. இது ஒரு மாவட்டத்தின் குறை மட்டுமல்ல. 11 முதல் 17 வயதுவரை உள்ளோரில் 81 விழுக்காட்டினர் தேவையான அளவு உடல் உழைப்பில்லாமல் இருக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2016-ஆம் ஆண்டுக் கணக்கு. பெண்பிள்ளைகளில் 85, ஆண்பிள்ளைகளில் 78. அந்நிறுவனம் கேட்பது நாளுக்கு ஒரு மணி நேரம். கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு விளையாட்டிடம் வேண்டும் என்கிறது. இடத்தைச் சட்டம் கேட்டுவிட்டது. அந்த இடத்தில் பிள்ளை நிற்கும் நேரத்தைக் காக்கும் பிடிவாதம் பள்ளிகளுக்கு இன்னும் வரவில்லை.

எல்லாவற்றிலும் வலுவான மறுப்பு பெண்பிள்ளைகளின் பக்கமிருந்து வருவது. வயதுக்கு வந்ததும் தெரு மூடிவிடுகிறது. பள்ளி மைதானத்திலும் பந்து பையன்களிடம் போய்விடுகிறது. அவர்களுக்குக் கதவடைத்த கூடத்துக்குள் மட்டை வீசத் தரும் கருவி ஒரு விடுதலை இல்லையா? கத்திரி வெயிலில், வாகனம் நிறைந்த தெருவில், வெளியே போக முடியாத முதியவருக்கு, பக்கவாதத்திலிருந்து மீள்பவருக்கு அது உதவாதா? உதவும். மறுவாழ்வுச் சிகிச்சையில் இந்தக் கருவிகள் பயன்பட்டிருக்கின்றன. அந்தப் பயனைச் சிறிதாக்கத் தேவையில்லை. ஆனால் பெண்பிள்ளையின் விஷயத்தில் சிவகாசியின் அனுபவத்தை மறக்கக் கூடாது. தீப்பெட்டி வேலையின் ஒரு பகுதி வீட்டுக்கே வந்தது. பெட்டி ஒட்டும் வேலை திண்ணையிலும் கூடத்திலும் நடந்தது. வீட்டுக்குள்ளேயே பாதுகாப்பாக இருந்து செய்யலாம் என்ற வசதிதான் அவளை வீட்டோடு கட்டிப்போட்டது; அந்த வேலை ஆய்வாளரின் கண்ணுக்கும் தெரியவில்லை. வீட்டுக்குள் இருக்கும் பெண்ணின் நேரம் யாரும் எடுத்துக்கொள்ளக்கூடிய நேரமாகிவிடும். தண்ணீர் பிடிக்க, தம்பியைப் பார்த்துக்கொள்ள, பாத்திரம் கழுவ என்று அவளைக் கூப்பிட்டால் கன்சோல் குறுக்கே வந்து தடுக்காது. பள்ளி மைதானத்தில் நிற்கும் ஒரு மணி நேரத்தை வீடு அவ்வளவு எளிதில் கூப்பிட்டுக்கொள்ள முடியாது. கூடத்துக்குக் கருவி வரட்டும். அதைக் காரணம் காட்டி மைதானத்தின் கதவை அவளுக்கு மூடிவைப்பது கூடாது.

ஸாவிக்ஸ்போர்ட்டிலிருந்து கினெக்ட் வரை வந்த கருவிகள் தோற்றன என்று சொல்வது அவற்றைச் செய்தவர்களுக்கு நியாயமாகாது. குழந்தை அசைய வேண்டும் என்ற அக்கறையில் அவர்கள் செய்தது நல்ல வேலை. அவர்களுடைய கைக்கு எட்டாத ஒன்றை அந்தக் கருவிகளிடம் எதிர்பார்த்தது நம் தவறு. சிவகாசியில் குழந்தையின் நேரத்தை மீட்க அறுபது ஆண்டுகள் தேவைப்பட்டன. பத்திரிகைக் கட்டுரை, வழக்கு, சட்டம், மதிய உணவு, சத்துணவுப் பணியாளர், ஊர் ஊராக அலைந்த ஆசிரியர் என எத்தனையோ கைகள் சேர்ந்தன. அவ்வளவு கொடுத்து வாங்கிய நேரத்தில் ஒரு மணி நேரத்தை உடம்புக்கென்று ஒதுக்குவது பெரிய கோரிக்கை இல்லை. பி.டி. பீரியடை வேறு பாடம் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதைத் தேர்வு அட்டவணையைப் போல மீற முடியாத விதியாகப் பள்ளிகள் கடைப்பிடிக்க வேண்டும். அந்த நேரத்தில் மைதானத்தில் பாதி இடம் பெண்பிள்ளைகளுக்கு என்று தலைமையாசிரியரே நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். தேர்ச்சி விகிதத்தில் மாநிலத்துக்கே வழிகாட்டிய மாவட்டம் இதிலும் முதலில் செய்துகாட்டலாம். அதற்குத் தேவையான கட்டுப்பாடும் விடாப்பிடியும் அந்த மண்ணுக்கு உண்டு என்பதை அதன் வரலாறே நிரூபித்திருக்கிறது.