தால்சிமுக்கு இடமில்லை

சண்டை வீடியோ கேம்களில் இந்தியா என்றதும் நினைவுக்கு வருபவர் தால்சிம். 1991-ல் காப்காம் வெளியிட்ட 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2'-ல் அறிமுகமானவர். கை கால் ரப்பராய் நீளும், வாயில் நெருப்பு வரும், கழுத்தில் மண்டையோட்டு மாலை. நம்மூர் யோகா மாஸ்டர் பார்த்தால் மயங்கி விழுவார் :-)

மார்வெல் நாயகர்களும் காப்காம் வீரர்களும் மோதும் வரிசை 1996-ல் 'எக்ஸ்-மென் வெர்சஸ் ஸ்ட்ரீட் ஃபைட்டர்' மூலம் ஆரம்பித்தது. அதில் தால்சிம் உண்டு. 1997-ல் வந்ததிலும் உண்டு. 1998-ல் இல்லை. 2000-ல் 56 பேரோடு வந்த 'மார்வெல் வெர்சஸ் காப்காம் 2'-ல் திரும்பினார். 2011-ல் மூன்றாம் பாகம் வந்தபோது மறுபடி காணோம்!

2017-ல் 'இன்ஃபினிட்' வந்ததும் ரசிகர்கள் கொதித்துவிட்டார்கள். ஆனால் தால்சிமுக்காக அல்ல. வுல்வரின், மேக்னெட்டோ என்று எக்ஸ்-மென் ஒருவர்கூட அதில் இல்லை. எக்ஸ்-மென் பட உரிமை அப்போது ஃபாக்ஸ் நிறுவனத்திடம் இருந்ததே காரணம் என்று பலர் நினைத்தார்கள். ஆள் முக்கியமல்ல, அவர் ஆட்டத்தில் செய்யும் வேலைதான் முக்கியம் என்கிற மாதிரி காப்காம் தரப்பு சொன்னது எரிகிற தீயில் எண்ணெய் வார்த்தது.

எங்கள் கீழ்பென்னாத்தூர் பக்கம் கூத்து பார்ப்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். துரியோதனன் வேஷம் வராது, அதே அடவை வேறு வேஷம் ஆடும் என்றால் சனம் ஒப்புக்கொள்ளுமா?

2024-ல் பழைய ஆட்டங்களைத் தொகுத்து வெளியிட்டபோது அவற்றோடு தால்சிமும் வந்தார். அவர் ஒரு கேலிச்சித்திரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வரிசையில் நமக்கென்று இருந்தது அந்த ஒரு நாற்காலி. அதை எடுத்தபோது, அதில் இன்னும் நல்ல ஒருவரை உட்கார வைத்திருக்கலாமே!